கூழின் மேல் விழுந்த பழி

நான் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிய மறுநாள் என் கணவருக்குச் சத்தியெடுப்பும் வயிற்றோட்டமும் தொடங்கின. பொழுது விடிந்து தேநீர் வைப்பதற்குள் பழி என் தலையில் விழுந்துவிட்டது.

"நீர் மாவை வடிவா ஊறவிட்டுப் பிழியேல்லை. கைப்புப் போகாட்டி வயித்தைக் கலக்கும்தானே" என்றார் மச்சாள். கணவரின் மூத்த அக்கா. தொண்டைமானாற்றில் எங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர். சந்நிதி முருகனுக்கு நேர்ந்து மச்சமாமிசம் விட்டுப் பல வருடம். நண்டும் மீன்தலையும் போட்ட கூழுக்குக் கிட்டவும் வரமாட்டார். கிட்ட வராமலே குற்றம் பிடிக்க அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நானும் குடிச்சனான்தானே மச்சாள். எனக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"உமக்குக் கல்லைத் திண்டாலும் செமிக்கும்."

அது கொரோனாக் காலம். யாராவது இருமினால் ஒழுங்கை முழுவதும் கதவைச் சாத்தும். இவருக்கு இருமலும் இல்லை, தடிமனும் இல்லை. கூழ்தான் காரணம் என்றால் எங்கள் வாசல் படலையில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டமாட்டார்கள். முறுமுறுத்துக்கொண்டே நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். மச்சாள் மாதுளங்கோது அவித்துக் கொடுத்தார். நான் கொத்தமல்லி அவித்தேன். ஒன்றுக்கும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள், கழிப்பறையிலிருந்து கட்டிலுக்கு வரும் வழியில் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். கேட்டால் "களைப்பு" என்றார். ஓட்டோவைக் கூப்பிட்டேன். மச்சாளும் வந்து ஏறினார். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் குழி விழுந்திருந்தன. தம்பியை நினைத்துப் பதறுகிறார் என்று எண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் தள்ளி இருந்தே விசாரித்தார். இருமல் இல்லை என்றேன். காய்ச்சலும் இல்லை என்றேன்.

"அப்ப என்ன சாப்பிட்டவர்?"

"கூழ்" என்றேன், என் வாயாலேயே.

அவர் மருந்துத் துண்டை எழுதத் தொடங்கினார். "உப்பும் சீனியும் கரைச்சுக் குடுங்கோ. வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம்."

"கூழிலை பிழை இல்லை, டொக்டர்" என்று பின்னாலிருந்து மச்சாள் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் அதைத் தொடவுமில்லை. முந்தநாள் தொடக்கம் எனக்கும் வயித்தாலை போகுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எழுதிய கை நின்றது. மருத்துவர் கணவரின் விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தார். பிறகு எங்களோடு கதைக்கவில்லை. தாதியைக் கூப்பிட்டு ஒட்சிசன் கொண்டுவரச் சொன்னார். அக்காவையும் தம்பியையும் கொரோனாப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். என்னை வாசலோடு மறித்துவிட்டார்கள்.

இருவரும் பிழைத்து வந்தார்கள். ஆனால் அந்த வாசலில் நின்றபோது எனக்கு அது தெரியாது. கூழில் பிழை இல்லை என்று மச்சாளின் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று மூன்று நாளாகத் துடித்தவள் நான். கேட்டும் விட்டேன். பிழை என் கூழிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று அங்கே நின்று அழுதேன்.