கூட ஒரு ஆள்

ஆபீஸ் போனைக் காதில் வைத்தபடியே சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆரணியில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் ஆண்கள் வார்டு அது. முந்தின நாள் மத்தியானம் பெரியவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக அப்போது வார்டில் இருந்தவள் நான்தான். பெரியவரின் பிள்ளைகள் வாசலில் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பழி யார் தலையிலாவது விழுந்துதான் தீரும் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

"உன்ன மட்டும் வரச் சொல்றாரு மேனேஜரு" என்றார் சிஸ்டர் போனை வைத்துவிட்டு.

அவர் எங்கள் வார்டின் தலைமை நர்ஸ். நர்சுகளும் எங்களைப் போன்ற வார்டு ஆட்களும் சேர்ந்திருந்த சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் சிஸ்டர்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த வேலை போனால் என் மகளும் எட்டாவதோடு நிற்பாள் என்பதுதான் என் பயமெல்லாம். பிறந்தது முள்ளிப்பட்டில் ஒரு தறி வீட்டில். நெய்த புடவையை முதலாளி முன்னால் விரிக்கும்போதே, அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், "தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுவார் அப்பா. குறை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். அப்படிச் சொன்னால்தான் முதலாளி முகம் கோணாமல் அடுத்த புடவைக்குப் பாவு நூல் கொடுப்பார். தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி, யோசிக்காமலே வந்துவிடும்.

சிஸ்டருக்கு இது தெரியும். என்னோடு கூடவே மாடிப்படி ஏறும்போது சொன்னார்: "நடந்தத நடந்தபடி சொல்லு. மன்னிப்பு மட்டும் கேட்டுடாத. அங்க அது ஒத்துக்கினதா ஆயிடும்."

எங்கள் இருவரையும் பார்த்ததும் மேனேஜர் சிரித்தார். "இன்னாம்மா, பொண்ணு பாக்கவா வர சொன்னேன், தோழியோட வந்து நிக்கற?"

"விசாரணைன்னா சங்கத்து ஆள் கூட இருக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்குது சார். விசாரணை இல்லன்னா சொல்லிடுங்க, போயிடறோம். கீழ வேலை கெடக்குது" என்றார் சிஸ்டர்.

"உங்களால தெனம் பேஜாரு. உக்காருங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பி, "ம், சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"தப்பாயிடுச்சு சார். மன்னிச்சிடுங்க."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மேனேஜர் முகம் தளர்ந்தது. பக்கத்திலிருந்த கிளார்க்கிடம், "எழுதிக்கோப்பா" என்றார். சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னா தப்புன்னு கேளுங்க சார்."

மேனேஜர் கேட்கவில்லை. சிஸ்டரே கேட்டார்: "இன்னா தப்பும்மா பண்ண?"

"தெரியலீங்க சிஸ்டர். பெரியவங்க கூப்ட்டா மொதல்ல அப்படித்தான சொல்லணும்?"

கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் மேஜையைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு பேச்சும் வந்தது. கட்டிலின் தடுப்புக் கம்பிக்குக் கொக்கி நிற்பதில்லை, ஆபீஸில் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை, பேண்டேஜ் துணியால் நானே கட்டி வைத்திருந்தேன், பெரியவர் புரண்டதில் கட்டு நழுவிக் கம்பி இறங்கிவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மன்னிப்ப எழுதினா இதையும் சேத்து எழுதச் சொல்லுங்க. இல்லன்னா அவ கையெழுத்துப் போட மாட்டா" என்றார் சிஸ்டர்.

மேனேஜர் கிளார்க்கிடம் வேண்டாம் என்று கையசைத்தார். கிளார்க் பேனாவை மூடினார். அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சில நாளில் எல்லாக் கட்டிலுக்கும் புதுக் கொக்கி வந்தது.

படியிறங்கும்போது, "உங்களையும் இதுல இழுத்து உட்டுட்டேன், மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றேன்.

"மறுபடியுமா?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஆனால் நான் பயந்தபடிதான் நடந்தது. விசாரணையைக் கெடுத்தார் என்று சொல்லி அடுத்த மாதம் சிஸ்டரையே கூப்பிட்டார்கள். தனியாக வர வேண்டுமாம். வார்டில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. சிஸ்டர் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பித்தான் ஓட்டைக்குள் போகாமல் விரலிலிருந்து வழுக்கி வழுக்கிப் போனது. அவருக்கும் பயம் வரும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

இப்போது அவர் ஓய்வுபெற்றுச் சந்தவாசலில் இருக்கிறார். எங்கள் வார்டில் இன்றைக்கு யாரை ஆபீஸுக்குக் கூப்பிட்டாலும் இன்னொருத்தர் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறார். அது பழக்கமாகிவிட்டது. அன்றைக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை, ஆனாலும் நான் சிஸ்டர் பின்னாலேயே மாடியேறிப் போனேன். சிஸ்டரை எச்சரித்து அனுப்பினார்கள், வேலையில் கை வைக்கவில்லை. அது என்னால் என்று சொல்ல மாட்டேன். அந்த அறையில் நான் பேசியது கொஞ்சம்தான்.

"நீ எதுக்கு வந்த?" என்றார் மேனேஜர்.

"கூட வந்தேன் சார்."

"சட்டம் தெரியுமா உனக்கு? ஒப்பந்தத்துல இன்னா இருக்குது, சொல்லு பாப்போம்."

"தெரியாது சார்."

"அப்ப வெளிய போ."

அப்பாவின் அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, சிஸ்டருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.