உட்காரச் சொன்ன சட்டமும் எழுந்து நின்ற நாங்களும்

பிள்ளைகளா, போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்கு யார் மேல் கோபம் என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். நாளைக்கு நீங்களும் ஒருவரிடம் வேலைக்குப் போவீர்கள், அல்லது நாலு பேருக்கு வேலை கொடுப்பீர்கள். எதுவானாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

காளவாசல் பக்கம் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சேலை எடுக்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. எடுத்துக் காட்டுகிற நாங்கள் கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் விரலைச் சொடுக்குவார்.

சில வருஷங்களுக்கு முன்னால் நம் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம் என்று. எங்கள் முதலாளியும் ஸ்டூல்கள் வாங்கினார். வாங்கி, பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் குடோனில் அடுக்கிவிட்டார். மேல் தட்டில் இருக்கும் பண்டலை இறக்க நாங்கள் அதன் மேல் ஏறி நிற்போம். உட்காரக் கொடுத்ததிலும் நின்ற ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்!

அன்றைக்கு மதியம் சூப்பர்வைசர் குடோனிலிருந்து ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நிற்கும் மாடிக்கு ஓடி வந்தார். தொழிலாளர் துறையிலிருந்து அதிகாரி வந்து, கீழே முதலாளி அறையில் இருக்கிறாராம்.

"எல்லாரும் உக்காருங்கப்பா. ஏய், சிரிச்ச மூஞ்சியா உக்காருங்க. தெனம் உக்காருற மாதிரி இருக்கணும்."

பட்டுப் பிரிவில் இருக்கும் ஒருத்தர் விடுவாரா? "அண்ணே, இம்புட்டு வருசத்துல உங்க வாயில இருந்து உக்காருன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன். காதுல தேன் வந்து பாயுது."

"உக்காருடா மாப்ள, என் பொழப்பக் கெடுக்காத."

உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்து கவுன்டரில் பூனம் சேலை காட்டும் பெண்ணும் உட்கார்ந்தாள். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். தாய்வீடு என்று போக அவளுக்கு யாருமில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். பிரசவத்துக்கு ரொம்ப முன்னாலேயே வேலையிலிருந்து நின்றுவிட்டால், பிள்ளையோடு திரும்பி வரும்போது தன் இடத்தில் வேறொருத்தி நிற்பாளே என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

அதிகாரி ஒரு அம்மா. மாடிப்படி ஏறி வந்தார். அவர் பின்னாலேயே முதலாளி வந்தார். அவ்வளவுதான். யாரும் சொல்லவில்லை, மாடி முழுக்க எல்லோரும் சடாரென்று எழுந்து நின்றோம். நானுந்தான். ஸ்டூல்கள் பின்னால் சரிந்து விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அம்மா திகைத்துப் போனார். "உக்காந்துதானே இருந்தீங்க? ஏன் எந்திரிச்சிட்டீங்க?"

சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "மரியாதைங்க மேடம். மதுரக்காரங்க பாருங்க."

பக்கத்து கவுன்டர் பெண் மட்டும் எழவில்லை. அதிகாரி அவளிடம் போய், "நீங்க எந்திரிக்கலையே?" என்றார்.

"எந்திரிக்க முடியலைங்க மேடம். காலு மரத்துப் போச்சு."

"நீங்கதான் சரியாச் செஞ்சிருக்கீங்க. அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு, முதலாளியிடம் ஏதோ கண்டிப்பாகப் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் வண்டி நகர்ந்ததும் முதலாளி மறுபடியும் மேலே வந்தார். முகம் சிவந்திருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்காமல் சூப்பர்வைசரிடம் பேசினார்.

"நான் வாரேன், அம்புட்டுப் பேரும் எந்திரிக்கிறாக. இதுக்கு மட்டும் என்ன திமிரு? நாளையில இருந்து வீட்டுலயே போயி உக்காரச் சொல்லு."

சட்டம் உட்காரச் சொன்னது. சூப்பர்வைசர் உட்காரச் சொன்னார். அதிகாரியும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததற்காக வேலை போகிறது! உங்கள் பள்ளிக்கூடமும் நம் வீட்டு வாடகையும் கண் முன்னால் வந்து போனது நிஜம். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"மொதலாளி, அது மாசமா இருக்கிற பொண்ணு. உக்காரத்தான சட்டமே போட்டிருக்கு?"

"சட்டம் ஸ்டூலு போடச் சொல்லுச்சு, போட்டேன். மரியாதை இல்லாம இருக்கச் சொல்லுச்சா? நீ எப்பப்பா வக்கீலான?"

"வக்கீலு இல்லைங்க. அந்தப் பொண்ண நிறுத்துனா, நாளைக்கு அந்த ஆபீசரம்மா முன்னால போயி நிப்பேன். நிக்கிறதுதான் எங்களுக்குப் பழக்கமாச்சே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்த கொட்டாம்பட்டி அம்மா ஒருவர் நாற்காலியில் இருந்தபடியே, "வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைய வெரட்டுற கடையிலயா முகூர்த்தச் சேலை எடுக்குறது?" என்று விரித்த சேலையைத் தள்ளி வைத்தார். முதலாளி அந்த அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி சரி, இருக்கட்டும். உக்காந்து பாக்கட்டும் வேலைய" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

உடனே அந்தப் பெண் கவுன்டரைப் பிடித்துத் தட்டுத் தடுமாறி எழுந்து, இரண்டு கையையும் குவித்து, "ரொம்ப நன்றிங்க மொதலாளி" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்கு அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை. சட்டம் கொடுத்ததை அவர் கொடுத்த பிச்சை மாதிரி அவள் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே நான் கடைக்குப் போய்விட்டேன். மாடியில் யாருமில்லை. என் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சும்மாதான். கீழே வாட்ச்மேன் செருப்புச் சத்தம் கேட்டது. மேலே யாரோ வருகிறார்கள் என்று என் கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு முழங்காலையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். தப்பே செய்யாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷனுக்கு இதயம் இப்படி அடித்துக்கொள்ள வேண்டுமா என்று இன்றைக்கும் ஒவ்வொரு முறை ஸ்டூலில் உட்காரும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.