காகங்கள் பயந்த முகம்

சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, 2009 வாக்கில், என் வேலை காக்கை எச்சம் சேகரிப்பது. பறவை பயந்தால் அதன் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஏறும். சில மணி நேரத்தில் அதன் மிச்சம் எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அதைச் சோதித்தால் போதும், பறவையைப் பிடித்து ஊசி குத்த வேண்டாம். தொடாமலே பயத்தை அளக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். "காக்கா பீ அள்ளுறதுக்கா இம்மாம் படிப்பு?" என்பார் மாமா, அம்மாவின் அண்ணன்.

கடலூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் காகங்கள் கூடு கட்டியிருந்தன. விடிந்ததும் மரத்தடியில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துக் காத்திருப்பேன். விழுந்ததைக் குச்சியால் வழித்துக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுவேன். காகங்கள் தலையைக் கொத்த வந்தன. பழகிவிடும் என்று துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். சோதனை முடிவில் ஹார்மோன் வாரத்துக்கு வாரம் ஏறியிருந்தது. பக்கத்துத் தெருவில் வீடு இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம்தான் காரணம் என்று என் பேராசிரியரிடம் அடித்துச் சொன்னேன்.

அந்தக் கோடையிலேயே அப்பாவின் முதல் திவசம் வந்தது. மொட்டை மாடியில் இலை போட்டுச் சோறு வைத்தோம். காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். குரல் பெரிசு என்பதால் நான்தான் முன்னால் நின்று "கா, கா" என்று கூப்பிட்டேன். காகங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கத்தினவே தவிர, இறங்கவில்லை. சாம்பார் ஆறிப்போனது. சின்னப் பிள்ளைகள் பசியில் சிணுங்கின.

"மச்சானுக்கு மனசுல ஏதோ கொற இருக்கு," என்றார் மாமா.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு அதிரசம் கேட்டாரு. சக்கரை ஜாஸ்தின்னு நான் குடுக்கல. கடைசியா கேட்டது அதான்."

ஒரு வருஷமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டா எங்களுக்குச் சமைத்துப் போட்டாள்? என் அண்ணன் கடைக்கு ஓடி அதிரசம் வாங்கி வந்தான். நான் வைக்கிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு இலைப் பக்கம் போனேன். தொட்டி மேலிருந்த காகங்கள் மொத்தமாகக் கிளம்பி என் தலைக்கு மேல் சுற்றிக் கத்தின. பின்னால் வந்தேன், உட்கார்ந்தன. மறுபடி போனேன், மறுபடி கிளம்பின. அண்ணன் இலை வரைக்கும் போய் வந்தான். ஒன்றும் அசையவில்லை.

தூக்கிவாரிப் போட்டது. வீடு இடிக்கிற சத்தமாவது, மண்ணாவது. விடிந்ததும் கூட்டுக்கு அடியில் வந்து நிற்கிற என் முகத்துக்குத்தான் அவை பயந்தன. இத்தனை வாரமாக நான் குப்பியில் அள்ளிக்கொண்டு போனது என்னைப் பார்த்து வந்த பயத்தைத்தான்.

"அம்மா, நீ வை. நான் கீழ போறேன்."

இறங்கிவந்து படிக்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டது. "வந்துட்டாரு, அதிரசத்தத்தான் மொதல்ல எடுக்கறாரு," என்றார் மாமா. அம்மா வாய்விட்டு அழுதாள்.

அன்று அம்மா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா போனதிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவளிடம் போய் ஹார்மோன் கதையைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

"பாத்தியாடி, அப்பா வந்தத?" என்றாள்.

"பாத்தேம்மா."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வந்தது வேப்பமரத்துக் காகம் என்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும், என்னைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.