வேலிக்கு வெளியே பாசிப்பயறு

எனக்குப் பத்து வயதான கோடையில் ஒரு நாள் நீல நிறத்தில் வாந்தி எடுத்தேன். நீச்சல் குளத்தின் ஓரத்தில், எங்கள் கோச்சின் வெள்ளை ஷூவுக்கு மிக அருகில். அமெரிக்காவில் நாங்கள் இருந்த இர்விங் ஊரில் ஜூலை மாதம் குளத்துத் தண்ணீரே குளிக்க விளாவி வைத்த வெந்நீர் போல இருக்கும். பயிற்சிக்கு முன்பும் பின்பும் பிள்ளைகள் எல்லோரும் குளத்தை ஒட்டிய தின்பண்டக் கடையின் ஜன்னலில் வரிசை கட்டி நின்று ஸ்லஷ் வாங்குவோம். நொறுக்கிய ஐஸில் கெட்டியான நீலச் சாறு ஊற்றித் தருவார்கள். அன்று யார் முதலில் முடிப்பது என்று பந்தயம். நான் ஜெயித்தேன். ஜெயித்த கையோடு குளத்தில் குதித்தேன். பாதி தூரத்தில் வயிறு முறுக்கிப் பிடித்தது. கரையேறியதும் ஜெயித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அம்மா பார்க்கிங் லாட்டிலிருந்து ஓடி வருவதற்குள் இன்னொரு அம்மா வந்துவிட்டார். என்னோடு அதே அணியில் நீந்தும் மெய் என்ற சீனப் பெண்ணின் அம்மா. அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு ஃபிளாஸ்க். என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அதுவும் நீலம். உச்சுக்கொட்டியபடியே ஃபிளாஸ்க் மூடியில் ஏதோ ஊற்றிக் கொடுத்தார். வெதுவெதுப்பாக, இளம்பச்சையாக இருந்தது. "ஸ்மால், ஸ்மால்" என்றார். கடகடவென்று குடிக்காதே, வாய் வாயாகக் குடி என்று அர்த்தம்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அம்மா அந்த மூடியை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது பாசிப்பயறு வேக வச்ச தண்ணிடீ!" என்றாள், ஊரிலிருந்து யாரோ வந்து இறங்கியதைப் போல. பிறகு அந்த அம்மாவைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, "பாடி... ஹீட்?" என்றாள்.

"யெஸ்! ஹீட்! சம்மர் ஹீட்!" என்று அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அம்மா திருச்சியில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள். அப்பாவின் வேலைக்காக நாங்கள் இங்கே வந்தபோது, அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. ஆங்கிலம் படிப்பாள், எழுதுவாள். பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடையிலோ பள்ளியிலோ யார் எதைச் சொன்னாலும், "ஓகே, தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். ஒருமுறை எனக்கு உடம்பு சூடு என்று பள்ளி நர்ஸிடம் சொல்லப் போய், அவர் என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். இந்த ஊரில் சூடு என்றால் எண்ணில் காட்ட வேண்டும். எண்ணில் வராத சூடு ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் மெய்யின் அம்மாதான்.

ஆன்ட்டி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் தன் ஊரில் சீன வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இங்கே அவரும் வீட்டில்தான் இருந்தார். எங்கள் அபார்ட்மென்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி. அன்றிலிருந்து தினமும் காலையில் யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில் இரண்டு பேரும் இருப்பார்கள். மகளின் பெயர் மெய் என்று கேட்டதும் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "எவ்வளவு நல்ல தமிழ்ப் பேர்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலத்தை ஓர் உள்ளங்கையில் அடக்கிவிடலாம். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடினார்கள். அம்மா மாம்பழத்தைத் தூக்கிக் காட்டுவாள். ஆன்ட்டி முகத்துக்கு விசிறிக்கொண்டு, "வெரி ஹீட்" என்பார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெள்ளரி குளிர்ச்சி, தர்பூசணி குளிர்ச்சி, பாகற்காய் குளிர்ச்சி என்று எல்லாவற்றிலும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மோரில்தான் முட்டிக்கொண்டது. ஆன்ட்டி ஈரத்துணியைப் பிழிவது போலக் கையைக் காட்டினார். பால், தயிர், மோர் எல்லாம் உடம்பில் ஈரத்தைத் தேக்கி வைக்குமாம். "மோரைப் போய்!" என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். ஐஸ் தண்ணீர் கூடாது என்பதில் மட்டும் ஆன்ட்டி அசையவே மாட்டார். வயிறு ஓர் அடுப்பு, வெயிலில் அலைந்துவிட்டு வந்து அதில் ஐஸைக் கொட்டினால் அணைந்துவிடும் என்பது அவர் கட்சி. வேர்த்துப் போனால் ஆறிய வெந்நீரில் துளி உப்புப் போட்டு, அவசரப்படாமல் குடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கொட்டுகிற பொத்தானின் மேல் அம்மா டேப் ஒட்டினாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் இருவரும் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பயறு கஞ்சியும், எலுமிச்சை பிழிந்த பார்லித் தண்ணீரும், நறுக்கிய தர்பூசணியுமாகக் குளத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கும் மெய்க்கும் மட்டும் இல்லை, அணி முழுவதற்கும். மெய் தண்ணீருக்குள் முங்கிவிட்டாள். எனக்கும் வெளியே தலை காட்ட மனமில்லை.

அணியை நிர்வகித்து வந்த பெண்மணி நல்லவர்தான். எல்லோரையும் 'ஹனி' என்பார். வெளிச் சாப்பாடு குளத்துக்குள் வரக் கூடாது என்றும், ஜன்னலில் விற்பதை வைத்துத்தான் அணிக்குத் தொப்பியும் பதக்கமும் வாங்குவதாகவும் இனிமையாக எடுத்துச் சொன்னார். அம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஷி வாமிட்டட் ப்ளூ, மேடம்" என்றாள் அம்மா. "ப்ளூ."

நிர்வாகி புன்னகையோடு விதி விதிதான் என்றார். அம்மாவும் ஆன்ட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாத்திரத்தை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். வாசலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தெருவோர நடைபாதையில் ஓக் மரத்தடியில் இறக்கி வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து அங்கே ஒரு மடக்கு டேபிள் வந்தது. எவர்சில்வர் டம்ளர்கள் அடுக்கி வைத்திருந்தாள் அம்மா. முதல் நாள் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்களும் வேண்டா வெறுப்பாகத்தான் போனோம். அப்புறம் ஸ்லஷ் எந்திரம் ஒரு நாள் மக்கர் செய்தது. ஒரு பையன் வந்தான். குடித்துவிட்டு, "இட் டேஸ்ட்ஸ் லைக் கிராஸ்" என்று சொல்லிவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினான். எந்திரம் சரியான பிறகும் அவன் வந்தான், கூட நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு. ஜன்னல் வரிசை மெலிய ஆரம்பித்தது.

நிர்வாகி, குளம் இருந்த குடியிருப்பின் காவலாளியை அழைத்துவந்தார். அந்த மனிதர் வேலியையும் நடைபாதையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது சிட்டிக்குச் சொந்தமான இடம், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று போய்விட்டார்.

இந்தச் செய்தி அப்பாவின் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. அன்று சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கிரீன் கார்டு ப்ராசஸ் நடந்துட்டிருக்கு. இப்ப யாராவது போலீஸ் கம்ப்ளைன்ட் குடுத்தா என்ன பண்ணுவ? இது நம்ம ஊரு இல்லம்மா."

"நான் எந்த ஊர்ல இருக்கேன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள் அம்மா. "கஞ்சி ஊத்தினதுக்கு எந்த ஊர்லயாவது புடிச்சு உள்ள போடுவாங்களா?"

"ஊத்தினதுக்கு இல்ல. எதுத்துக்கிட்டு நின்னதுக்கு."

"அப்ப நிக்கிறேன்."

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, வேண்டாம் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த மடக்கு டேபிளைக் கீழே தூக்கி வந்து அம்மாவின் காரில் வைத்துவிட்டுப் போனார்.

கோடையின் கடைசிப் போட்டி வந்தது. ரிலேயில் நான்கு பேரில் நானும் மெய்யும் இருந்தோம். அதற்காகத்தான் ஜூன் முழுக்க விடியற்காலையில் எழுந்திருந்தேன். போட்டி தொடங்குவதற்கு முன் கோச் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. அந்த டேபிள் இருக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் நீந்த முடியாது என்று நிர்வாகி சொல்லிவிட்டாராம். "டெல் யுவர் மாம், ஓகே?" என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டேன். கடுமையான வார்த்தைகள் அவை. வெளியே போனபோது ஆன்ட்டி ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு முகத்தை அஷ்டகோணலாக்கி நின்றிருந்தார். அம்மா எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அவரை ஒரு வாய் மோர் குடிக்க வைத்துவிட்டாள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். அதைப் பார்த்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாடி, இவங்க மூஞ்சியப் பாரேன்!" என்றாள்.

அடுக்கி வைத்த ஆங்கிலம் எங்கேயோ போய்விட்டது.

"அம்மா, வீட்டுக்குப் போம்மா" என்றேன். "இந்த டேபிள் இருந்தா என்னையும் மெய்யையும் ரிலேல விட மாட்டாங்களாம்."

சிரிப்பு நின்றது. பாத்திரத்தைப் பார்த்தாள். என் தலையில் இருந்த நீச்சல் தொப்பியைப் பார்த்தாள்.

"உனக்கு நீந்தணுமாடா கண்ணு?"

"ஆமா."

"சரி" என்றாள். டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். வாசலில் வந்து நின்ற நிர்வாகியைப் பார்த்து, பழைய குரலில், "ஓகே மேடம், தாங்க் யூ" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் கோபம் என்று இன்று கேட்டாலும் சொல்லத் தெரியாது. அடுக்கிய டம்ளர்களில் மேலே இருந்ததை உருவி எடுத்தேன்.

"ஊத்தும்மா."

"வேணாம்டி, நேரமாச்சு, நீ போ."

"ஊத்துங்கறேன்ல!"

ஊற்றினாள். வெதுவெதுப்பான அந்தப் பயறு கஞ்சி எனக்கு அதுவரை பிடித்ததில்லை, அன்றும் பிடிக்கவில்லை. நிர்வாகியின் முகத்தை நேராகப் பார்த்தபடி, ஆன்ட்டி சொல்லிக் கொடுத்த மாதிரி வாய் வாயாக, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன். உள்ளே ரிலேக்குப் பெயர் கூப்பிட்டார்கள். நான் குடித்துக்கொண்டே இருந்தேன். மெய் ஈரக் காலோடு ஓடி வந்து என் பக்கத்தில் நின்று தானும் ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஹனி, லாஸ்ட் சான்ஸ்" என்றார் நிர்வாகி.

அம்மா அடுக்கியிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடியும் டேபிளில் பரப்பினாள். பிறகு நிமிர்ந்து, பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற டீச்சர் குரலில் சொன்னாள்: "தி டேபிள் ஸ்டேஸ்."

எங்களுக்குப் பதிலாக வேறு இரண்டு பெண்கள் நீந்தினார்கள். நாங்கள் நான்கு பேரும் வேலிக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து, தர்பூசணிக் கொட்டையைத் துப்பியபடி பார்த்தோம். நாங்கள் இல்லாமல் தோற்றுப் போவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். அவர்கள் நன்றாகவே நீந்தி முதலாவதாக வந்தார்கள். அதைவிடக் கொடுமை, மெய் தன்னை மறந்து எழுந்து நின்று கைதட்டினாள். பதக்கம் வாங்கிய கையோடு அந்த நால்வரும் வேர்க்க விறுவிறுக்க வெளியே ஓடி வந்து டம்ளர் கேட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா அவர்களுக்கு வாய் நிறையச் சிரித்து ஊற்றிக் கொடுத்தாள். பாத்திரம் காலியாகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா ஓட்டினாள். ஆன்ட்டி காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில். மெய்யும் நானும் பின்னால். அம்மா லைசன்ஸ் வாங்கி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. சிக்னலே இல்லாமல் வண்டிகள் சீறிப் பாயும் ஃப்ரீவே என்றாலே அவளுக்கு நடுக்கம். எங்கே போனாலும் சிக்னல் சிக்னலாக நின்று உள்தெருக்களில்தான் போவாள். அன்று என்ன தோன்றியதோ, ஒரு வார்த்தை சொல்லாமல் ஃப்ரீவே ஏறிவிட்டாள். இரண்டு பக்கமும் லாரிகள். நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு இறங்க வேண்டிய எக்ஸிட் வந்தது. வண்டி வேகம் குறையாமல் அதைத் தாண்டியது.

"அம்மா, எக்ஸிட் மிஸ் பண்ணிட்ட!"

"ம்" என்றாள்.

அடுத்த எக்ஸிட்டும் போனது. அதற்கடுத்ததும். அம்மா ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டாள். அனல் காற்று உள்ளே புகுந்து எல்லோருடைய தலைமுடியையும் கலைத்தது. ஏசியைப் போடச் சொல்லிக் கத்தினேன். ஆன்ட்டி தொப்பியைக் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டுச் சீன மொழியில் ஏதோ பாட ஆரம்பித்தார். நாங்கள் எங்கே போகிறோம் என்று அம்மாவும் சொல்லவில்லை, ஆன்ட்டியும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இன்னும் வழியே சரியாகப் பிடிபடவில்லை என்று மெய்யின் காதில் சொன்னேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அவரிடம் சொல்லி, அம்மாவுக்கு வழி கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.