மத்தன் பிஞ்சை விரல் நீட்டிச் சுட்டலாமா?

காலையில் போட்ட படத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விரலை மடக்கிக் காட்டுவதைப் பார்த்து, நான் அவர்களுக்கு மூடநம்பிக்கை கற்றுக்கொடுத்ததாக இருவர் எழுதியிருக்கிறீர்கள். தவறு. சொல்லிக்கொடுத்தது நான் அல்ல, தோவாளையில் விளை, அதாவது தோட்டம், வைத்திருக்கும் தங்கம்.

அந்தப் பிள்ளைகள், ஆரோனும் அவன் அக்காவும், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். அங்கே அவர்கள் பார்த்த பூசணியெல்லாம் வெட்டி உறையில் போட்டது. கொடியில் கிடக்கும் மத்தங்காயைப் பறிக்கட்டும் என்று அழைத்துப் போனேன். ஆளுக்கொன்று பறித்தார்கள்.

பிறகு ஆரோன் ஒரு பிஞ்சைக் கண்டு விரலை நீட்டினான்.

"ஏலே மக்கா, பிஞ்ச வெரல் நீட்டிச் சுட்டாத, அழுகிப்போவும். மடக்கிக் காட்டு," என்றாள் தங்கம்.

ஐந்து வயதுப் பிள்ளை. முகம் வாடிவிட்டது. "நான் சுட்டிட்டேனே. அது செத்துருமா பாட்டி?" என்று என்னிடம் கேட்டான்.

மகரந்தம் சேராத பிஞ்சுதான் அழுகும், விரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கான்வென்ட்டில் படித்ததைப் பொறுமையாக விளக்கினேன்.

தங்கம் சிரித்தாள். "டீச்சருக்குத் தெரியாததா? ஆனா எனக்க விளையில அழுகியிருக்கு."

ஆரோன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நீங்க நீட்டிக் காட்டுங்க பாட்டி."

கையைத் தூக்கினேன். விரல் தானாக மடங்கிக்கொண்டது.

வீடு வந்து சேரும்வரை அவன் அந்தப் பிஞ்சைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை துபாய்க்குத் திரும்புகிறான். அந்தப் பிஞ்சு பிழைக்குமா என்று அதற்குள் அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

லைக் எனக்கு உதவாது. விரல் நீட்டிச் சுட்டிய பிஞ்சு முற்றிக் காயானதை நேரில் பார்த்தவர்கள், தயவுசெய்து கீழே எழுதுங்கள்.