ஒரு பக்கம் மட்டும் எடுத்த படம்

ஏற்காட்டில், எங்கள் ஒண்டிக்கடைப் பக்கம் என்னைப் பற்றி நிலவிய கருத்து, நான் பெங்களூரில் போட்டோ எடுக்கிறேன் என்பது. முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவீங்களா என்று கேட்டவர்கள்கூட உண்டு. மணமக்களைத் திரவ ஹீலியத்தில் முக்கிவைக்கச் சம்மதித்தால் வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்க்கும் பேச்சும் குறைந்துவிட்டது.

நான் எடுத்தது எலக்ட்ரான்களை. நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்று. அதற்குள் எலக்ட்ரான்கள் ஏறவோ இறங்கவோ முடியாத மெல்லிய ஏடு. அதைத் திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் வைத்துப் பெரிய காந்தத்துக்குள் இறக்கினால், நடுவில் இருப்பவை இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓரத்தில் இருப்பவை மட்டும் ஓரத்தை ஒட்டியே, ஒரே திசையில் போகும். குறுக்கே அழுக்கு இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகும், திரும்பி வராது. இதற்குக் குவாண்டம் ஹால் விளைவு என்று பெயர். மின்சாரத்தை அளந்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அந்த ஓட்டத்தைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் என் வேலை. கூரான ஊசிமுனை ஒன்றைச் சில்லின் மேல் தொடாமல் நகர்த்தி, புள்ளி புள்ளியாகப் படம் சேர்க்க வேண்டும். நடுவில் சுற்றிக்கொண்டிருப்பவை என் சொந்தக்காரர்கள் என்று அப்போது தெரியாது. நான் ஓரத்தில் ஓடுகிற ஜாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தது. நடுவெல்லாம் இருட்டு. இடது ஓரத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படம் வந்ததும் காந்தத்தின் திசையைத் தலைகீழாக்கி இன்னொன்று எடுக்க வேண்டும். கோடு வலது ஓரத்துக்கு மாறினால் அது எலக்ட்ரான் ஓட்டம். இருந்த இடத்திலேயே இருந்தால் அது வெறும் அழுக்கு.

“காந்தத்தைத் திருப்பட்டுங்களா சார்?” என்று கேட்டேன்.

என் பேராசிரியர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவசரப்படாதப்பா. இதையே இன்னும் கொஞ்சம் தெளிவா எடு. அட்டைப்படமா வரும்.”

எடுத்தேன். “அந்த மூலை மங்கலா இருக்கே.” மறுபடி எடுத்தேன். பெண்ணுக்கு அலங்காரம் செய்வதுபோல அந்தக் கோட்டைச் சீவிச் சிங்காரித்தோம். முகூர்த்தம் போய்விட்டது. காந்தத்தைத் திருப்பலாம் என்று அவர் சொன்ன நாளில் ஹீலியம் தீர்ந்துவிட்டது, இயந்திரமும் சூடாகிவிட்டது. சூடேறினால் எலக்ட்ரான்களுக்கு ஒழுக்கம் கிடையாது.

ஒரு பக்கத்துப் படத்தோடு கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார். காந்தத்தைத் திருப்பிய படம் எங்கே என்று கேட்டுத் திரும்பி வந்தது. அதில்லாமல் கட்டுரையும் இல்லை, கட்டுரையில்லாமல் எனக்குப் பட்டமும் இல்லை.

ஹீலியத்துக்காகக் காத்திருந்த அந்தக் கோடையில் ஏற்காட்டுக்கு வந்திருந்தேன். சில்லையும் சின்ன டப்பாவில் போட்டுக் கூடவே கொண்டுவந்தேன், ஆய்வுக்கூடத்தில் வைத்தால் யாராவது தொட்டுவிடுவார்கள் என்று. புத்திசாலி நான். பேராசிரியர் போன் செய்தார். ஹீலியம் வந்துவிட்டது, நாளைக் காலையில் சில்லை வைத்து இயந்திரத்தை மூடப்போகிறோம், நீ வராவிட்டால் இன்னொருவருடைய சில்லு உள்ளே போகும் என்றார்.

அன்று மலர்க் கண்காட்சி. அந்தக் கூட்டத்துக்காக ரோட்டை ஒருவழியாக்கியிருந்தார்கள். சேலம் ரோட்டில் ஏற வேண்டும், குப்பனூர் ரோட்டில் இறங்க வேண்டும். வாழவந்தியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறவர், பெங்களூர் பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிடக் கிளம்பினார்.

“ஏனுங்க மாப்ள, அந்தத் தூசியப் படம் புடிக்கவா இத்தன அவசரம்?”

“தூசி இல்லீங்க மாமா, எலக்ட்ரான். இந்த ஒன்வே மாதிரியேதான். ஓரமா ஒரே பக்கம் போகும். எதுத்தாப்பல ஒண்ணும் வராது. ஜாமே ஆகாது.”

“அங்க போலீசு நல்லா வேல செய்யுதாட்டம் இருக்குது.”

“போலீசு இல்லீங்க, காந்தம்.”

“அதுல ஒண்ண வாங்கியாந்து நம்ம ரோட்டுல வெய்யிங்க சாமி. ஊருக்கு நொம்பப் புண்ணியமாப் போகும்.”

அடுத்த வளைவில் எல்லாம் நின்றிருந்தது. கீழேயிருந்து ஒரே ஒரு கார் எதிர்த்து ஏறிவந்து, இறங்கிய பஸ்ஸோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றது. பின்னால் மொத்த மலையும் நின்றது.

“மேப்பு இப்படித்தாங்க காட்டுச்சு!” என்று கார்க்காரர் கத்தினார்.

மாமா இறங்கிப்போய், “அப்பக் காரை உட்டுட்டு மேப்பு மேல ஏறி வாங்க” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டைப்பையில் சில்லு இருந்தது. அவ்வளவு காலம் நான் படித்ததற்கெல்லாம் செய்முறை விளக்கம் போல இருந்தது அது: ஒன்று திரும்பி வந்தால் போதும். ரோடு விட்டு நாங்கள் கீழே போனபோது பெங்களூர் பஸ் போய்விட்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது இயந்திரத்தை மூடிக் குளிரவைக்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னொருவருடைய சில்லு உள்ளே.

“போன் பண்ணியிருக்கலாமே” என்றார் பேராசிரியர்.

“பண்ணினேன் சார். நீங்க மீட்டிங்ல இருந்தீங்க.”

“சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

அடுத்த தடவைக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து வேறொரு குழுவின் கட்டுரை வந்துவிட்டது. இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் கோடு இடதில், மற்றதில் வலதில். இடதில் இருந்தது அப்படியே என்னுடையது, மூலைகூட மங்கல். அதாவது நான் எடுத்தது அழுக்கில்லை. தப்பாக இருந்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு மறந்திருக்கலாம். சரியாக இருந்ததை என்ன செய்வது? உதவித்தொகை நின்றது. பேராசிரியர் நல்ல கடிதம் தந்தார். இப்போது இங்கே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் காந்தம் நடத்துகிறேன். லாடம் போல வரைந்து ஒரு முனைக்குச் சிவப்பு அடிக்கிறேன். ஒரே இடத்தில் சுற்றுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

நான் திரும்பி வந்த வாரம், அம்மா நான் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருந்தாள். ஆணியடித்து மாட்டியவர் மாமா. தலைகீழாக மாட்டியிருந்தார். வெளிச்சக் கோடு வலது ஓரத்தில் இருந்தது. கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர்கள் கேட்ட படம், எங்கள் டிவிக்கு மேலே.

மாமா சுத்தியலோடு ஸ்டூலில் நின்றபடி கேட்டார். “ஏனுங்க மாப்ள, சரியா இருக்குதுங்களா?”

“அப்படியே இருக்கட்டுங்க மாமா” என்றேன்.