வேரோனிக்கா அன்ரியின் ‘நைஸ்’

கனடாவில், மல்வேர்னில் வசிக்கும் வேரோனிக்கா அன்ரிக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் ஆட்களைச் சாய்க்க அவருக்கு ஒரு சொல்லே போதும்: நைஸ்.

மச்சாள் றெபேக்கா புதுவீட்டுக்கு மாபிள் பதித்தபோது அன்ரி வாசலில் நின்று, இமை வெட்டாமல், “நைஸ்” என்றார். கோடை முடியுமுன் றெபேக்கா மாபிளைக் கிளப்பிவிட்டார். கோவிலில் தனித்துப் பாடிய சீமோனுக்கும் அதே “நைஸ்” கிடைத்தது. சீமோன் இப்போது பாடுவதில்லை, கதிரை அடுக்குகிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகன் மாக்கஸ் தான் கட்டப்போகும் ஸ்டெபனியைக் கூட்டிவர வேண்டியிருந்தது. முதல்நாளே தொலைபேசியில் எச்சரித்தான்.

“அம்மா, அந்தச் சொல் மட்டும் உங்கட வாயிலை வரக்கூடாது. வந்தா எழும்பிப் போயிடுவம். பிறகு கலியாணத்திலைதான் காணலாம், அதுவும் உங்களைக் கூப்பிட்டா.”

ஒரே பிள்ளை. அன்ரி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார்.

ஸ்டெபனி வெறுங்கையோடு வரவில்லை. பானை நிறைய, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டு வந்தாள். கனடாவில் பிறந்ததுக்குக் கூழைப்பற்றி என்ன தெரியும் என்ற எகத்தாளத்தோடு அன்ரி ஒரு வாய் குடித்தார்.

நண்டு, புளி, உறைப்பு எல்லாம் அளவாக இருந்தன. இந்த நாட்டுக்கு வந்த பிறகு இப்படி ஒரு கூழை அன்ரி குடித்ததில்லை. நெஞ்சு நிறைந்து கண்ணும் கலங்கிவிட்டது. ஆனால் பாராட்டிப் பழகாத வாய்க்கு வேறு வழி தெரியவில்லை.

“நைஸ்.”

மாக்கஸ் கரண்டியை வைத்தான். “ஸ்டெப், எழும்பு. போவம்.”

“ஐயோ தம்பி, உண்மையா நைஸடா!”

அது இன்னும் மோசம். “உண்மையா நைஸ்” என்று அன்ரி அதற்குமுன் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார், றெபேக்காவின் மருமகனைப் பார்த்து. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

“சீரியஸா அம்மா? அவள் விடிய எழும்பிக் காய்ச்சினவள்!”

“பிள்ளை, நீராவது நம்பும்...”

ஸ்டெபனி எழும்பினாள். வாசலில் சப்பாத்தைப் போட்டாள். நிமிர்ந்து, அன்ரி தன் கையாலேயே தைத்துத் தொங்கவிட்ட பூப்போட்ட திரைச்சீலையை மேலும் கீழுமாகப் பார்த்தாள். இமை வெட்டவில்லை.

“நைஸ், அன்ரி.”

கார் போய்விட்டது. அன்ரி கொஞ்சநேரம் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி அதைக் கழற்றினார். இறங்கிவந்து, நின்றபடியே இரண்டாவது கோப்பைக் கூழை வார்த்துக் குடித்தார். அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை.